கழியின் பின்முனை

தலையில் சுமையை ஏற்றிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டு நடந்து காட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருந்தால், அது நானாக இருக்கலாம். இல்லாவிட்டால் என்னைப் போன்ற இன்னொரு முட்டாள்.

அக்கா மகனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்கிற முறையில் சீர்த்தட்டைத் தலையில் வைத்து, மேளத்தோடு தெருவைச் சுற்றி, அக்கா வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டியது என் பொறுப்பு. பெரிய பித்தளைத் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை, வெல்லம், குங்குமம், எல்லாவற்றுக்கும் மேலே பையனுக்குப் பட்டுச் சட்டை. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் நான் விழுப்புரம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. போர்ட்டர்கள் பெட்டிமேல் பெட்டியாகத் தலையில் அடுக்கிக்கொண்டு கையை வீசி நடப்பதைத் தினமும் பார்க்கிறவன். பார்த்ததையெல்லாம் கற்றுக்கொண்டதாக ஒரு நினைப்பு.

வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் கையை விட்டேன். யாரோ கை தட்டினார்கள். படியில் கால் வைத்தபோது தாம்பாளம் எனக்கு முன்னால் வீட்டுக்குள் போயிற்று. தேங்காய் உருண்டு அடுப்படி வரைக்கும் போனதாகப் பிற்பாடு சொன்னார்கள். வாசல் முழுக்கக் குங்குமம்.

தாய்மாமன் சீர் வாசலில் கொட்டினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அத்தனை பேரும் வாயடைத்து நின்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு குனிந்து பொறுக்கியிருக்கலாம்.

“மாமா, வாசப்படியும் உங்களாட்டமே குட்டையா இருக்குதா, கண்ணுக்குத் தெரியாம ஏமாந்துட்டேன்” என்றேன்.

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அக்கா புருஷன் குள்ளமான மனிதர். நல்ல கட்டை உடம்பு. நானோ பனைமரத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

பேசவில்லை என்றால் விரோதமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அர்த்தமில்லை. நான் போனால் பாய் போடுவார். எதிரில் உட்காருவார். என்னைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம், “உன் தம்பி சாப்ட்டானான்னு கேளு” என்பார். அக்கா என் பக்கம் திரும்பி, “சாப்ட்டியாடா?” என்பாள். நான், “ஆச்சுன்னு சொல்லுக்கா” என்பேன். அக்கா அவர் பக்கம் திரும்பி, “ஆச்சாம்” என்பாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

யுத்த காலம். சிப்பாய் வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பார்சல் ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை. ஒரு நாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவிட வந்த அக்கா ஊர்க்காரர் ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“உங்க அக்காவுக்கு முள்ளு குத்திக்கினு கால் வீங்கி ஒரே பேஜாரா இருக்குது. எழுந்திரிக்கவே இல்ல. ஒரு நடை போய்ப் பாருங்க.”

மறுநாள் முதல் வண்டியில் திண்டிவனம் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தேன். ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனால் கோட்டுப் போட்டவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று ஒரு யோசனை. நல்ல யோசனைதான். அந்தக் கோட்டு உதவியது. நான் நினைத்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையில் கருவேல முள் ஏறியிருக்கிறது. அவளே பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். முனை உள்ளே தங்கிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்துக் காட்டினாள். பாதம் கறுத்து மினுமினுத்தது. வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இன்னாடா, கோட்டெல்லாம் மாட்டிக்கினு வந்துகீற? எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். கையைத் தொட்டால் கொதித்தது.

அன்றைக்கு அமாவாசை. ஊரில் இருந்த மாட்டுவண்டியெல்லாம் முந்தின நாளே மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டன. தோளில் வலுவுள்ள ஆண்களும் வண்டிகளோடு போய்விட்டார்கள். கரியில் ஓடுகிற பஸ் ஒன்று எப்போதாவது ரோட்டோரம் வரும். அதுவும் மழையில் நின்றுபோயிருந்தது. ஏரி நிரம்பி வழிந்து, திண்டிவனம் போகிற வண்டிப்பாதை அறுந்து கிடந்தது. ஏரிக்கரைமேல் ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் மிச்சம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வண்டிங்க திரும்பி வர்ற வரைக்கும் தாங்காதுப்பா” என்றார்.

மாமா அதற்குள் பரண்மேலிருந்து சவுக்குக் கழி ஒன்றை இறக்கிவிட்டார். ஜமக்காளத்தின் இரண்டு தலைப்பையும் கயிற்றால் இறுக்கிக் கழியில் கட்டினார்.

“தூளியிலேயே தூக்கிக்கினு பூடலாம். உன் தம்பி தோள் தாங்குமான்னு கேளு” என்றார், அக்காவைப் பார்த்து.

“தாங்கும்னு சொல்லுக்கா.”

“தாங்குமாம்” என்றாள் அக்கா. ஜமக்காளத்தில் இறக்கிப் படுக்க வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். தூக்கப் போகும் நேரத்தில் கையை நீட்டி நிறுத்தினாள். “தல முன்னாடி இருக்கட்டும். கால முன்னாடி வெச்சித் தூக்கிறாதீங்க. நான் இன்னும் சாவல.”

பாடையில்தான் கால் முன்னே போகும். தூளியைத் திருப்பினோம்.

பாதை தெரிந்தவர் என்பதால் மாமா முன்முனை. நான் பின்முனை. அதனால் வழி நெடுக அக்காவின் முகம் எனக்கு நேர் எதிரில் இருந்தது. முகத்துக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கால்.

இரண்டு பேர் ஒரு சுமையைத் தூக்குவதைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயங்கள் எல்லாம் ஊர் எல்லைக்குள்ளேயே செத்தன. பிளாட்பாரத்தில் சிப்பாய்கள் ஒரே காலாக வைத்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் சரியான நடை என்று தோன்றியது. “அவரு வலது கால் வெக்கும்போது நானும் வலது கால் வெக்கறேன்னு சொல்லுக்கா” என்றேன். சொன்னாள். அப்படியே நடந்தோம். தூளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி ஆடத் தொடங்கியது. கால் ஜமக்காளத்தின் விளிம்பில் இடித்தது. அவள் போட்ட சத்தத்தில் வரப்பில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

“ரெண்டு பேரும் சேந்து தொட்டிலா ஆட்டறீங்க?” என்று அழுகையோடு கத்தினாள். “அவரு ஒரு கால வெச்சா நீ வேற கால வெய்யிடா!”

கால் மாற்றினேன். ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு தோளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் கழி சாந்தமாக வந்தது. சிப்பாய்களுக்கு அந்த நடை சரி. அவர்கள் நடுவில் அக்காவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கவில்லை.

அடுத்த சங்கடம் எங்கள் உயரம். நான் பனைமரம், அவர் குட்டை. கழி முன்பக்கம் சரிந்து, முடிச்சு வழுக்கி வழுக்கி, பாரம் முழுவதும் அவர் தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெறும் தோள். சவுக்கின் கணு தோலை உரித்து ரத்தம் கசிந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்? அக்காவிடம் வலியைச் சொல்ல முடியாது. என்னிடம் எதையுமே சொல்ல முடியாது.

கரையில் ஓர் இடத்தில் இறக்கி, முடிச்சை என் பக்கம் தள்ளிக் கட்டினேன். கோட்டைக் கழற்றி நாலாக மடித்து நீட்டினேன். “தோள்ல வெச்சிக்கச் சொல்லுக்கா. மேடாவும் இருக்கும், மெத்துன்னும் இருக்கும்.”

“கோட்டெல்லாம் வேணாம்னு சொல்லு.”

“ரெண்டு பேரும் கம்முனு இருங்க” என்றாள் அக்கா. “வாங்கி வெய்யிங்க.”

வைத்துக்கொண்டார். கழி கிட்டத்தட்ட மட்டமாயிற்று. என் வாழ்க்கையில் அந்தக் கோட்டு யாருக்காவது பொருந்தியது என்றால் அவர் தோளுக்குத்தான்.

மூன்றாவது சங்கடம் பேச்சு. தூளி தூக்கியவர்களுக்குத் தெரியும், பின்னால் வருகிறவன் குருடன். முன்னே ஜமக்காளம் மறைக்கிறது, தரை தெரியாது. முன்னால் போகிறவர்தான் கல்லு, முள்ளு, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மாமாவும் சொன்னார். ஆனால் அக்காவிடம்.

“கல்லு இருக்குதுன்னு சொல்லு.”

“கல்லாம்டா.”

“பள்ளம் வருது.”

“பள்ளமாம்.”

அவர் சொல்வது என் காதிலேயே விழுகிறது. ஆனாலும் அவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பேன். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் அவரிடம் வாங்கி என்னிடம் கொடுத்தாள். இப்போது நினைத்தால் எங்கள் இரண்டு பேரையும் அந்த ஏரியில் தள்ளியிருக்க வேண்டும். அன்று எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. அவருடைய ரோஷத்தை நான் மதிக்கிறேனாம்.

கொஞ்ச நேரத்தில் அவள் சொல்வது தேய்ந்துகொண்டே வந்தது. “கல்லாம்டா” என்பது “கல்லாம்” ஆயிற்று. பிறகு வெறும் “கல்லு.” பிறகு உதடு மட்டும் அசைந்தது.

கரை இறங்குகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஏதோ ஒரு பெண்ணின் பேரில் வைத்தது. தலைச்சுமைக்காரர் தனியாளாக இறக்கி ஏற்றிக்கொள்ள அது வசதி. தூளிக்கு அது போதாது. கழியின் ஒரு முனையைத்தான் அதன்மேல் வைக்கலாம். மறுமுனையை ஒருவன் தாங்கிக்கொண்டு நின்றே ஆக வேண்டும். ஒருவர் இளைப்பாறினால் மற்றவர் சுமக்க வேண்டும்.

மாமா தன் முனையைக் கல்லின்மேல் வைத்தார். உட்காருவார் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்து, முழங்கையால் என்னை இடித்து வெளியே தள்ளினார். நான் விலகிப்போய்க் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகு அப்போதுதான் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதுவரைக்கும் அவள் தலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய குரல் மட்டுமே அவருக்குத் தெரியும். பார்த்தார். கண் மேலே செருகியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. “இந்தா” என்றார். “இந்தாம்மே.” பதில் இல்லை.

நான் போய்க் கழியை வாங்கிக்கொண்டேன். அவர் முன்முனைக்குப் போனார். மறுபடியும் அவருக்குப் பாதைதான், முகம் இல்லை. கொஞ்ச தூரம் தரையை எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் நடந்தோம். நான் ஒரு வேரில் தடுக்கித் தள்ளாடினேன். தூளி குலுங்கியது. அவள் கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது.

முன்னாலிருந்து, திரும்பிப் பார்க்காமல், அவர் குரல் வந்தது.

“மச்சான். மூச்சு வருதா?”

தாம்பாளம் விழுந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. 

“வருது மாமா.”

“பள்ளம்.”

“சரி மாமா.”

“இப்ப?”

“வருது.”

“கல்லு. எடப்பக்கமா வா. இப்ப?”

“வருது மாமா. நடங்க.”

அப்படியே போனோம். அவருக்குத் தெரிந்தது தரை. எனக்குத் தெரிந்தது அவள் நெஞ்சு ஏறி இறங்குவது. அவர் எனக்குத் தரையைச் சொன்னார், நான் அவருக்கு மூச்சைச் சொன்னேன். நான் பேசத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். என் வாழ்நாளில் உருப்படியாகப் பேசியது அந்த ஒரு சொல்தான். ஒரு தடவை அவள் நெஞ்சு ஏறியது எனக்குத் தெரியவில்லை. அப்போதும் “வருது” என்றேன். பிறகு ஏறியது.

ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தொடையளவு. அவருக்கு இடுப்பைத் தாண்டும். தோளில் வைத்துக்கொண்டு போனால் ஜமக்காளம் நனைந்துவிடும். அவர் நின்றார். கோட்டைத் தோளிலிருந்து எடுத்துச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

“தலைக்கு ஏத்து மச்சான். ஜல்தி.”

ஏற்றினோம். நானும் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். அடியில் பாசி வழுக்கியது. அவர் காலால் துழாவித் துழாவிச் சொன்னார். “வழுக்குது. கல்லு. நில்லு. இப்ப வா.” நான் இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்த பிடியில் விரல் மரத்துப்போயிற்று. அந்தக் கரைக்கு ஏறின பிறகும் கொஞ்ச நேரம் கையை விட வரவில்லை.

திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கோட்டுப் போட்டவனின் பேச்சு எடுபடும் என்ற என் திட்டம் அங்கே முழுமையாக நிறைவேறாமல் போயிற்று. கோட்டு, சேறும் ரத்தமுமாக மாமா தலையில் இருந்தது. நான் தொடை வரைக்கும் நனைந்து, வெறும் சட்டையோடு நின்றேன். ஆனாலும் உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

டாக்டர் வெளியே வந்து இரண்டு பேரையும் பார்த்தார். பாதத்தை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம் என்றார். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் நேரமில்லை என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். “எடுக்கச் சொல்லட்டுமா?”

அந்தக் காலை வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான்.

“எடுக்கச் சொல்லுங்க மாமா.”

அவர் தலையாட்டினார். பிறகு சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, கோட்டை விரித்து, அதில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். யாராவது வந்து நிறுத்தச் சொல்லும் வரைக்கும் சுரண்டுவார் போலிருந்தது. யாரும் வரவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மாமா அங்கேயே கிடந்தார். நான் லீவு கேட்டும், கேட்காமலும் விழுப்புரத்திலிருந்து வந்து போனேன். போனால் இடம் கொடுப்பார். பேசவில்லை. பேச வேண்டிய காரியமும் இல்லை. தரையில் கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. அந்தப் பகலோடு அது முடிந்துபோயிற்று, மறுபடியும் பழைய கணக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது இப்போது வேடிக்கையாக இல்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ரோட்டு முனை வரைக்கும் பஸ்ஸில் வந்தோம். அங்கிருந்து ஊருக்கு மறுபடியும் தூளிதான். அதே கழி, அதே ஜமக்காளம். கழியில் முன்பு முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு அறுத்த தடம் அப்படியே இருந்தது. தடத்தைப் பார்த்து அங்கேயே கட்டி, தூக்கினோம்.

பாரம் முன்பக்கமாகச் சாய்ந்தது.

இறக்கினோம். மாமா கயிற்றைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கால்மாடு என் பக்கம். என் பக்கத்தில் எடை குறைந்திருந்தது. ஏன் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். குனிந்து, முடிச்சை அவிழ்த்து, பழைய தடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, என் பக்கமாகக் கட்டினேன். அவர் கயிற்றை இழுத்து இறுக்கிக் கொடுத்தார்.

அக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “கொறைச்சிக் குடுத்துட்டாங்க. இப்பவாவது ஆட்டாம தூக்கிக்கினு போங்க” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். மாமா கழிக்குக் குனிந்துகொண்டார்.

கலங்கலில் தண்ணீர் வடிந்து, கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, இல்லை எங்களைத் தனியே விட்டாளா, தெரியவில்லை. முன்னால் மாமாவின் தோள் எனக்குத் தெரிந்தது. உரிந்த இடம் ஆறி, தழும்பாகக் கறுத்திருந்தது. அவர் என் கோட்டை மடித்து, அது பாதி மறையும்படி வைத்திருந்தார். நான் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

சுமைதாங்கியைத் தாண்டி ஏரிக்கரைமேல் ஏறினோம். புறப்பட்டதிலிருந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதை காய்ந்து சீராக இருந்தது. வருகிற வழியெல்லாம் சொல்ல நினைத்து ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வேடிக்கையாகச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டேன்.

“மாமா, அன்னிக்கி அந்தத் தாம்பாளத்தப் போட்டுட்டு, அத்தன பேரு முன்னாடி உங்களப் பத்தி நான் சொன்னது தப்பு மாமா. இன்னமும் அத மனசுல வெச்சிக்கினு இருக்கீங்களா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையும் மாறவில்லை.

“பள்ளம், பாத்து வா மச்சான்.”